வரைபடத்தாளில் அப்பா

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் யாருமே சரியாகத் தூங்கியதில்லை. அப்பாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரவுக் காவல். அம்மாவுக்கு அங்கேயே தையல் கம்பெனி. காலை ஏழே காலுக்கு அம்மா கொரட்டூர் வீட்டிலிருந்து நடந்து கிளம்புவாள். ஏழரைக்கு வேலை முடியும் அப்பா சைக்கிளில் வந்து சேர எட்டே காலாகிவிடும். இடையில் இரண்டு வயதுத் தங்கை என் பொறுப்பு. பள்ளியில் கணக்குக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடந்ததும் அதே நேரத்தில்தான். இனியும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் வரைபடத்தாளைத் தொட்ட முதல் ஆள் நான். அந்தத் திமிரில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சைக்கிளில் கால் மணி நேரம்தான், மீதி டீக்கடைப் பேச்சு என்று அப்பாவே சொல்லியிருந்தார். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் வீட்டிலிருந்து தூரம். அம்மாவுக்கு ஒரு சமன்பாடு, அப்பாவுக்கு ஒன்று. இரண்டு கோடுகளும் ஏழு முப்பத்தேழுக்கு, வழியிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வெட்டிக்கொண்டன. அம்மா தங்கையைத் தூக்கிப்போய் அங்கே அப்பாவிடம் கொடுத்தால் போதும்.

"இதுல நான் எங்கடி கீறேன்?" என்றாள் அம்மா. காட்டினேன்.

"இவ்ளோ நேராவா நடந்துகினு போறேன்?"

திங்கட்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வந்தால், அம்மா அன்று வேலைக்கே போகவில்லை. எட்டு மணி வரை தங்கையோடு டிரான்ஸ்ஃபார்மரடியில் நின்றிருக்கிறாள். பிறகு போனால் கம்பெனியில் உள்ளே விடமாட்டார்கள். சைக்கிள் பஞ்சர் என்றார் அப்பா. அம்மாவும் ஆமாம் என்றாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். டயர் ரிம்மோடு சேரும் இடத்தில் பழைய சேறு காய்ந்து அப்படியே இருந்தது; பஞ்சர் ஒட்ட யாரும் டயரைக் கழற்றியிருக்கவில்லை.

டீக்கடையெல்லாம் பொய், பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் பெடலை மிதிக்காது, தினமும் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தபடியே அரை மணி தூங்கிவிட்டுத்தான் வருவார் என்று அம்மா சொன்னது, நான் வேலைக்குப் போன பிறகு. அந்தத் திங்கட்கிழமை அந்தப் படியில் உட்காரவே கூடாது என்றுதான் கிளம்பினாராம்.

அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்தது டீக்கடை மட்டும்தான். டீக்கு மூன்று நிமிஷம் தாராளமாக ஒதுக்கினேன். அதை ஈடுகட்ட அப்பாவின் கோட்டை இன்னும் செங்குத்தாகப் போட்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன்.

"இந்த வேகத்துல வந்தா போதும்ப்பா."

அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"வந்துடறேன் கண்ணு" என்றார்.