வெள்ளிவிழாப் படத்தில் கறுப்புத் துணி

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அராபாவுக்குச் சோறு இறங்காது. கேப் கோஸ்ட் நகர ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும்போதே பாதி ஊரின் கதையைக் கறந்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், மருத்துவச்சிகள் சங்கத்தின் பழைய விழாப் படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள். பொன்விழா வருகிறதாம். அராபா வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டாள்.

எந்தப் படமும் லேசில் நகராது. இவள் யார், அவள் ஏன் முறைக்கிறாள் என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். வெள்ளிவிழாப் படம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேரும் நீலமும் வெள்ளையுமாய் சங்கம் அச்சடித்த விழாத் துணியில் நிற்க, வலது ஓரத்தில் ஒருத்தி மட்டும் கறுப்பில் நின்றாள். கல்யாணமோ ஜூபிலியோ, எல்லாரும் ஒரே துணியில் வருவதுதான் வழக்கம். அங்கே இழவுக்கறுப்பில் வந்து நிற்க எவளுக்குத் துணிச்சல் வரும்?

படத்தைத் தூக்கிக்கொண்டு தலைவி டாட்சனிடம் ஓடினாள். வெள்ளிவிழாவின்போது அவர்தான் செயலாளர்.

"யாரு மேடம் இது?"

டாட்சன் முகம் கடுகடுத்தது. "மான்சா எய்சன். நல்ல நாள்ல கறுப்பு கட்டிட்டு வந்து சங்கத்துக்கே சாபம் விட்டவ. தலைவி பதவி கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல். அந்த ஓரத்தை வெட்டிட்டுப் போடு."

"அவங்களே அப்படிச் சொன்னாங்களா?"

"இதுக்கு வாயால வேற சொல்லணுமா? வேலையைப் பாருடி."

வெட்ட அராபாவுக்குக் கை வரவில்லை. வெட்டிவிட்டால் உலகமே பார்க்கும் படத்தில் அந்தப் பெண் இருந்த சுவடே இருக்காது. அதைவிட, ஏன் என்று தெரியாமல் அவளுக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. மறுநாளே விலாசம் விசாரித்து, ட்ரோட்ரோ வேன் ஏறி, மான்சா வசிக்கும் மோரீக்குப் போய் இறங்கினாள்.

மான்சா கிழவி வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சங்கத்தின் பேரைக் கேட்டதும் கத்தி நின்றது.

"கறுப்பு கட்டினதுக்குப் போட்ட அபராதத்தை வாங்க வந்தியா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. அன்னைக்கு ஏன் கறுப்பு கட்டினீங்கன்னு கேக்க வந்தேன். கேக்காம எனக்குத் தூக்கம் வராது."

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் நீர் கோத்தது.

"இத்தனை வருஷத்துல ஏன்னு கேட்ட மொத ஆளு நீதான்டி. விழாவுக்குக் கட்டிக்கிட்டுக் கிளம்புறேன், பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணுக்கு வலின்னு ஓடி வந்தாங்க. எகுவா ஓட்டூன்னு பேரு. பிள்ளையும் தங்கல, அவளும் தங்கல. நாதியத்தவ, மூட ஒரு நல்ல துணி இல்ல. என் துணியை அவிழ்த்துப் போத்திட்டேன். அவளுக்காகத்தான் கறுப்பு கட்டினேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மருத்துவச்சிங்க ஜூபிலியில போய், பிரசவத்துல ஒருத்தி செத்தான்னு சொல்லுவாங்களா? விழா முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சப்போ என்கூட எவளும் பேசல."

அராபா தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். பிரசவ அறையில்கூட அவள் இப்படி அழுததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

"என்னை வெட்டினாலும் வெட்டிக்கோ. அவ பேரு மட்டும் எங்கயாவது இருக்கட்டும்."

சாயங்காலமே முழுப் படமும் இணையத்தில் ஏறிவிட்டது. வலது ஓரத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "மான்சா எய்சன். அன்று காலை பிரசவத்தில் இறந்த எகுவா ஓட்டூவுக்குத் தன் விழாத் துணியைப் போர்த்திவிட்டு வந்தவர்."

ஏற்றிய சூட்டோடு போன் அடித்தது.

"யாரைக் கேட்டுடி இதைப் போட்ட?" என்றார் டாட்சன்.

"மான்சாவைக் கேட்டு, மேடம்."

டாட்சன் படத்துக்குக் கீழே இருந்த வரியை வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

"பொன்விழாத் துணியில மான்சாவுக்கு ஒரு உருப்படி எடுத்து வை. நாளைக்கு மோரீக்குப் போகணும். நீயும் வாடி... தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."