கருவாட்டுப் பந்தலில் காய்ந்த வெள்ளைப் பூ

காட்டுச் செடிகளுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலையில் செடியை விட அதிகம் வாடுவது நாங்கள்தான். இந்த வேலையில் மாட்டியவர்கள் தலையாட்டுவீர்கள்.

போன மாரியில் புல்மோட்டைப் பக்கம் ஒரு துண்டுக் காட்டில், நிலத்தில் வளரும் வெள்ளை ஓர்க்கிட் பூத்திருந்தது. பாதையை அகலமாக்க அந்தக் காட்டை வெட்ட இருந்தார்கள். அரிய இனம் என்று அத்தாட்சியோடு காட்டினால் பாதையை வளைப்பதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வரை தவணை.

முகம் மட்டும்

கண்ட சந்தோசத்தில் பூந்தண்டை மட்டும் ஒடித்துக்கொண்டு ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இனம் பிரிப்பவர் சாந்தி. என்னோடு ஒரே நாளில் வேலைக்கு வந்தவர். இந்த ஓர்க்கிட்டில் இலை நிலத்தோடு படிந்திருந்தால் ஓர் இனம், தண்டில் ஏறியிருந்தால் வேறு இனம். நான் கொண்டுபோனதில் இலையே இல்லை. அவர் பூவைத் தொடவும் இல்லை.

"முகத்தை மட்டும் கொண்டந்து, ஆள் எந்த ஊர் எண்டு கேக்கிறீர்."

பிரட்டாத பாவம்

மறுநாள் கிழங்கை மண்ணில் விட்டு, இலையோடு ஒரு செடியை எடுத்தேன். பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் இறுக்கிக் கட்டினேன். திரும்பும் வழியில் சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் மழை பிடித்தது. கருவாடு போடும் செல்வமலரின் தகரப் பந்தலுக்குள் ஒதுங்கினேன். கட்டுக்குள் என்ன என்று கேட்டார். அவிழ்த்தால், நான் மாற்றாமல் விட்ட தாள் செடியின் ஈரத்தில் ஊறிப் பூ கறுக்கத் தொடங்கியிருந்தது. காட்டில் மற்றப் பூக்களும் உதிரும் நேரம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பழைய பத்திரிகைக் கட்டொன்றைக் கொண்டுவந்தார். மீனுக்கு மூட்டியிருந்த சிரட்டைத் தணலின் ஓரத்தில் இருந்து பின்னேரம் முழுக்கத் தாள் மாற்றினார். பூவின் பின்னால் நூலாகத் தொங்கும் தேன்குழாயை அவர் விரல் நுனியால் நேராக்கிய பக்குவத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கண்டதில்லை.

"மீனெண்டாலும் பூவெண்டாலும் அடியில ஈரத்தை நிக்க விடக்கூடாது சேர். கட்டிப்போட்டுக் கும்பிட்டாக் காயுமோ?"

இடமில்லாத பெயர்

வியாழன் சாந்தி இலையைப் பார்த்தார், குழாயை இரண்டு தடவை அளந்தார். அரிய இனமேதான். பாதையை வளைத்தே வரைந்தார்கள். செடி ஒட்டிய தாளில் 'சேகரித்தவர்' என்று என் பெயருக்கு இடமிருந்தது, காயவைத்தவருக்கு இல்லை. நானே ஒரு கோடு போட்டுச் செல்வமலரின் பெயரை எழுதி, படம் பிடித்துக்கொண்டு சல்லிக்குப் போனேன். அவர் மீனைப் பிரட்டிக்கொண்டே பார்த்தார்.

"பேர் கிடக்கட்டும் சேர், காடு நிக்குதோ?"

இருபது வருடமாகச் செடிகளுக்குப் பெயர் தேடும் எனக்கு, பெயரை விடச் செடி பெரிதென்பது கருவாட்டு மணத்துக்குள் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது.