டவரைத் தேடிப் போன அடுப்பு

இன்று வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த பஸ்ஸில், பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா மடியில் ஒரு இரும்பு அடுப்போடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, அடுப்போட கெளம்பிட்டீங்க?"

"புகையில்லா அடுப்பு வாங்குனா கவர்மென்ட்டு மானியம் குடுக்குதுல்ல? குளிர் காயவும் ஆவும்னு வாங்கிட்டேன். இப்ப அடுப்பு எரியறப்ப நான் பக்கத்துல குந்திக்கினு போட்டோ ஏத்தணுமாம். அவங்க ஆப்புலயே எடுத்து அப்பவே அனுப்புனாதான் ஏறும். நம்ம ஊர்ல ஏது டவரு? அதான் டவரு இருக்கற எடத்துக்கு அடுப்ப தூக்கினு போறேன்."

எங்கள் இருவருக்கும் இலவச டிக்கெட். அடுப்புக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுள்ளி பொறுக்கிப் பற்றவைத்தோம். அக்கா தலையைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் போனில் டவர் முழுசாக இருந்தது. எடுத்தேன். "நீங்கள் பதிவு செய்த வீட்டில் இல்லை" என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

கடுப்பாகி, மானியத்தைப் பார்க்கிற அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"வூட்டாண்டதான் எடுக்கணும்மா."

"வூட்டாண்ட டவரே இல்லையே சார்."

"வந்ததும் எடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவருக்கு இல்லை. மானியத்தை நம்பி மகளிர் குழுவில் கடன் வாங்கிய அக்காவுக்கு இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸிலும் அடுப்புக்கு லக்கேஜ்.

மலையில் டவர் கிடைக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அங்கேயே அக்காவுக்கு ஒரு வீடு கட்டிவிடலாம். அதற்கும் மானியம் உண்டாம். போட்டோ ஏற்றினால் போதுமாம்.