ஆடிக் காற்றுக்குப் போட்ட கணக்கு

எங்கள் அப்பா ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பொறுப்பாளராக இருந்தார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் போடும் வேலை பார்த்தார். இரண்டு பேரும் ஒரே காரியத்தில் கை வைத்தது ஒரே ஒரு தடவைதான். கிட்டங்கிக்குப் புது ஷட்டர் போட்ட வருஷம் அது. நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

கிட்டங்கியின் முன்வாசல் கிழக்கே ரோட்டைப் பார்த்தது. லாரி அப்படியே உள்ளே போகலாம், அவ்வளவு அகலம். மேற்கே, மலையைப் பார்த்து, ஒரு இரட்டைப் பின்கதவு. ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று முன்வாசலின் பழைய ஷட்டரை இரண்டு தடவை பிய்த்துப் போட்டுவிட்டது. அதனால் இந்த முறை கணக்குப் போட்டுச் செய்யுங்கள் என்று முதலாளி சித்தப்பாவிடம் சொன்னார்.

சித்தப்பா அகலம், உயரம் எல்லாம் அளந்தார். காற்றின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கினார். வேகம் இரண்டு மடங்கானால் கதவைத் தள்ளும் பலம் நாலு மடங்காகுமாம். நான் நம்பவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு மடங்கு என்றால் இரண்டு மடங்குதான்.

அதோடு விடாமல் பின்கதவையும் கணக்கில் சேர்த்தார். அது மூடியிருந்தால் காற்று கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். திறந்திருந்தால் உள்ளே புகுந்து, போக வழியில்லாமல், ஷட்டரை உள்ளேயிருந்து வெளியே நெட்டும்.

“அப்ப பாரம் ரெண்டு மடங்கு வந்துரும். அதுக்கும் சேத்துக் கனமாப் போட்டுருவோம்” என்றார்.

முதலாளி பின்கதவை ஒரு பார்வை பார்த்தார். “தொறக்காம இருந்தாப் போச்சு. எதுக்கு அம்புட்டு இரும்பு?”

சித்தப்பா அரைமனதாக ஒத்துக்கொண்டார். ‘காற்று நேரத்தில் திறக்கக் கூடாது’ என்று பின்கதவில் சிவப்புப் பெயின்ட்டில் தன் கையாலேயே எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த ஆடியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தூசிக்குப் பயந்து ஷட்டரை இறக்கியிருந்தார்கள். வெளியே அதன் நிழலில் ஒரு லோடுமேன் துண்டை விரித்துப் படுத்திருந்தார். எனக்கு வழிவிட அவர்தான் காலை மடக்கிக்கொண்டார். ஆபீஸ் அறை வழியாக உள்ளே போனால் பஞ்சுத் தூசியும் புழுக்கமும். அப்பாவுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, அந்தப் பின்கதவச் செத்த நேரம் தொறந்து விடு. மூச்சு முட்டுது.”

கதவில் எழுதியிருந்ததை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

“அவன் பேப்பர்ல எழுதுறவன். இங்க வந்து உக்காந்து பாத்தால்ல தெரியும்? தொற.”

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தேன். கதவு என்னைச் சுவரோடு தள்ளிவிட்டுத் திறந்துகொண்டது. தரையில் கிடந்த பஞ்செல்லாம் ஒரே ஓட்டமாக முன்பக்கம் போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா நன்றாக மூச்சை இழுத்துவிட்டார். ஷட்டர் வெளிப்பக்கமாக ஒருமுறை வயிறு தள்ளி, அடங்கியது. மறுபடி தள்ளியபோது ஓரத்து இரும்புக் காடியிலிருந்து பட்டைகள் வரிசையாகப் பிதுங்கி, அத்தனையும் ரோட்டுப் பக்கம் விழுந்தது.

அந்த லோடுமேன் கத்தியதை எழுத எனக்கு வரவில்லை.

அப்பா முதலில் ஓடியது பின்கதவுக்கு. அதை மூடித் தாழ் போட்டார். அதற்கப்புறம்தான் வெளியே ஓடினார்.

லோடுமேனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு முதலாளி வந்தார். தகவல் கேட்டுச் சித்தப்பாவும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

“பின்கதவ எவனாச்சும் தொறந்திருந்தா இப்பவே சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரலாம்” என்றார் முதலாளி. “இல்லன்னா ஒங்க கணக்குத் தப்பு. ரெண்டுல ஒண்ணுதான்.”

சித்தப்பா விழுந்து கிடந்த பட்டைகளைப் பார்த்தார். உள்ளே வந்து, முன்பக்கம் ஒதுங்கிக் குவிந்து கிடந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

“அண்ணே, பின்கதவு மூடியா இருந்துச்சு?”

“மூடித்தான் இருந்துச்சு.”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். நான் தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். என்னிடம் கேட்டால் உண்மையைச் சொல்வதா, அப்பா சொன்னதையே சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை.

“என் கணக்குதான் தப்பு” என்றார் முதலாளியிடம்.

தப்பித்தோம் என்றுதான் எனக்கு இருந்தது. கணக்குப் போட்டவரே தன் கணக்குத் தப்பு என்கிறாரே என்று கொஞ்சம் ஏளனம்கூட. நாலு மடங்கு என்று அவர் சொன்னதை நான் நம்பாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அப்படியே சொன்னேன்.

இன்ஜினியர் ஆபீசில் சித்தப்பாவை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஊரில் யாரும் அவரிடம் ஒரு வரைபடமும் கேட்கவில்லை. லோடுமேனுக்கு முறிந்த கால் கூடியது, ஆனால் மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் அவரைச் சித்தப்பா போய்ப் பார்த்து வந்தார். அப்பா ஒரு தடவையும் போகவில்லை. வீட்டில் சித்தப்பா பேச்சு வந்தால் அப்பா சாப்பாட்டில் பாதியிலேயே கை கழுவிவிடுவார்.

தீபாவளிக்கு முன்னால் சித்தப்பா சென்னைக்குப் போவதாக முடிவாயிற்று. வழியனுப்ப அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். மதுரை பஸ் வந்ததும் சித்தப்பா கீழே இருந்த பையை எடுக்கக் குனிந்தார். அப்பா அவர் கையை விலக்கிவிட்டு, பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் இடித்து ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து வைத்துவிட்டு இறங்கினார். இறங்கியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பஸ் போன பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தம்பியின் பையை அண்ணன் சுமந்து நான் பார்த்தது அன்றுதான். பை ரொம்பக் கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.