சித்தப்பா வீட்டில் இருக்கிறார்

தசரா லீவு விட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மைசூருக்குப் போவார்கள். மீதிப் பேர் மைசூருக்குப் போய்வந்ததாகச் சொல்வார்கள். நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். நான்காம் வகுப்பு படித்த வருடம்தான் உண்மையிலேயே ஓர் ஊருக்குப் போனேன். வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களையும் தாண்டி, கடலோரத்தில் இருந்தது அந்த ஊர். அம்மாவின் தங்கையை, அதாவது என் சித்தியை, அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்குப் பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாளே மெஷின் ஓட வேண்டும் என்பதால் அவர் வரவில்லை. "லீவு முடியிற வரைக்கும் நல்லா சாப்பிட்டு, தூங்கி, நிம்மதியா இருந்துட்டு வாங்க" என்று எங்களை அனுப்பிவைத்தார்.

கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் அம்மா என் காதருகில் குனிந்தாள்.

"சித்தப்பாவைப் பத்தி யார்கிட்டயும் எதுவும் கேட்காத. கடலுக்குப் போவாரு, வருவாரு, தூங்குவாரு. அவரு இருக்கிற ரூம் பக்கம் போகக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். சித்தப்பாவை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மொட்டை மாடியில் நின்று முகத்தை நாலா பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரு நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியல" என்றார். அப்படிச் சொன்ன ஒரே விருந்தாளி அவர்தான் என்பதால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

தார் ரோடு முடிந்த இடத்தில் ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டார். அதற்கு மேல் மணல். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடல் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்துத் துமகூரு ரோட்டில் விடாமல் லாரி போகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

சித்தி வாசலில் நின்றிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம், கை நிறையக் கண்ணாடி வளையல். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளும் அப்படித்தான் இருந்தாள். கருவாடு காயப்போடுகிற தளத்துக்குக்கூட அந்த அலங்காரத்தோடுதான் போனாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

வீட்டுக்கு முன்னால் கீற்றுப் பந்தல். அதன் நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு சித்தப்பாவின் அப்பா படுத்திருந்தார். கண்ணில் புரை விழுந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்றார்கள். என்னைக் கூப்பிட்டு முகத்தைத் தடவிப் பார்த்தார். கை உப்புத்தாள் மாதிரி இருந்தது.

"பெங்களூர்ப் பாப்பாவா? என் மவன் தூங்குறான். எழுந்ததும் உன்னைப் பார்ப்பான்" என்றார் தாத்தா.

லீவு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு முதல் சில நாட்கள் போயின. காலையில் நண்டு, மத்தியானம் மீன் குழம்பு, அப்புறம் தூக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சவுக்குத் தோப்பில் விளையாட்டு. நான் எதைப் பார்த்தாலும், பிரமாதம் என்பதற்குக் கன்னடத்தில் சொல்கிற மாதிரி, "சக்கத்தா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அவர்கள் எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பெங்களூரில் எங்களை யாரும் கேட்டதில்லை. இங்கே வழியில் பார்த்த எல்லோரும் நின்று விசாரித்தார்கள். சித்தியைப் பார்த்தால் மட்டும் பேச்சைச் சட்டென்று சுருக்கிக்கொண்டு, "அண்ணன் சௌக்கியம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்கள்.

சித்தப்பாவை மட்டும் பார்க்க முடியவில்லை.

அவர் இருந்தார். அதில் சந்தேகமே வராதபடி இருந்தார். உள் அறைக் கதவு எப்போதும் ஒருக்களித்திருக்கும். சித்தி அதன் முன்னால் நின்று, "அந்தச் சட்டையைக் கழட்டிப் போடுங்க, துவைக்கணும்" என்பாள். கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு, "ஆமா, உங்களுக்கு எல்லாம் விளையாட்டுதான்" என்று சிரிப்பாள். அந்த இடைவெளியில் எனக்கு எதுவும் கேட்டதில்லை. ஆனால் ஒருவர் பதில் சொல்லி முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, சரியாக அவ்வளவு நேரம்தான் அவள் காத்திருப்பாள். தட்டில் சோறு போட்டு உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தட்டு காலியாக வெளியே வரும். நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று தினமும் நனைந்து, தினமும் கொடியில் காய்ந்தது. அதில் ஒருநாளும் அழுக்கைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காலையில் ஒரு பையில் மீன் கொண்டுவந்து வாசலில் வைப்பார். தாத்தாவின் கட்டிலைப் பார்த்தபடி, "அண்ணன் பங்கு!" என்று தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

மத்தியானத்தில் எல்லோரும் தூங்கும்போது எனக்குத் தூக்கம் வராமல் போயிற்று. வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடிக்கும். நான் பாயில் படுத்தபடி அந்த ஒருக்களித்த கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கமிருந்து அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் காற்றில் கதவு லேசாக அசைந்தது. நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா தூங்கவில்லை. அவளும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் காலையில் சீக்கிரமே விழிப்பு வந்தது. வீட்டுக்குப் பின்பக்கமிருந்த கக்கூஸுக்குப் போய்விட்டுச் சுவரோரமாக நடந்து வந்தேன். நல்ல வெளிச்சம். வேலிப்படல் அருகே சித்தி நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் அவள் காலைவிட மிகப் பெரிய ரப்பர் செருப்பு. வாயில் பீடி. ஓர் இழுப்பு இழுத்துப் புகையைப் பந்தல் பக்கமாக ஊதினாள். தொண்டையைச் செருமினாள். அது ஒரு ஆம்பிளையின் செருமல். பிறகு முதுகைக் கூனிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் மணலில் அழுத்தி ஊன்றி, தப் தப்பென்று தாத்தாவின் கட்டிலைத் தாண்டி நடந்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினாள்.

அதன் பிறகு தன் சொந்தக் குரலில், "வந்துட்டீங்களா? டீ போடவா?" என்று கேட்டாள்.

"என்னப்பா, மீன் பட்டுதா?" என்றார் தாத்தா, படுத்தபடியே.

"ஒண்ணும் சரியில்லையாம் மாமா. அசதியா இருக்குன்னு உள்ள போயிட்டாங்க."

"சரி, தூங்கட்டும்."

சித்தி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பொட்டும் பூவும் சித்தியுடையவை. முகம் மட்டும் யாருடையதோ போல இருந்தது. அது சித்தியின் முகமாகத் திரும்பிவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

சித்தி என்னை உள்ளே கூட்டிப்போனாள். டீ கொடுத்தாள். உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. அதில் பீடி வாசனை வந்தது. பின்னல் கோணலாகப் போய், அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

அன்று மத்தியானம் பந்தலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தாத்தா திடீரென்று என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாப்பா, சித்தப்பாவைப் பார்த்தியா நீ?"

அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சித்தி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்று தாமதமாக மீன் பையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கூட வேலியோரம் நின்றுவிட்டார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஏதோ உடைந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

"பார்த்தேன் தாத்தா. தூங்குறாரு" என்றேன்.

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்காரு."

தாத்தா தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சோற்றைப் பிசைந்தார். சித்தி செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.

சாயங்காலம் அம்மாவும் சித்தியும் கருவாட்டை அள்ளிக் கட்டத் தளத்துக்குப் போனார்கள். தாத்தாவுக்குத் துணையாக என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அவர் கொஞ்ச நேரம் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். பிறகு என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"நல்ல புள்ள நீ. நல்லா சமாளிச்ச."

நான் கட்டில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"என் மவன் நடந்து வந்தா சத்தமே கேட்காது, பாப்பா. சின்னப் புள்ளையிலேருந்தே அப்படித்தான். பூனை மாதிரி வந்து பக்கத்துல நிப்பான். எத்தனை தடவை திடுக்கிட்டுருக்கேன்!" என்று சிரித்தார். "இப்பத்தான் தினமும் சத்தம் கேட்குது. பாவம், என்னா கனமா நடக்குறா."

"அப்ப சித்தப்பா எங்க தாத்தா?"

அவர் கடல் இருந்த பக்கமாக மோவாயை உயர்த்தினார். மறுபடி என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் சித்திகிட்டச் சொல்லிடாத. உங்க அம்மாகிட்டயும் வேணாம். கிழவன் தாங்க மாட்டான், அவன் காதுல விழ வேணாம்னுதான் ஊருல அவளை இப்படியே விட்டுவச்சிருக்காங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுதுன்னா விட மாட்டாங்க."

"என்ன பண்ணுவாங்க?"

அவர் என் நெற்றியைத் தடவித் தேடி, கட்டைவிரலால் நடுவில் அழுத்தி ஒரு பக்கமாக இழுத்தார். என் ஸ்டிக்கர் பொட்டு அவர் விரலோடு வந்துவிட்டது. பதறிப்போய் அதைத் திரும்ப ஒட்டப் பார்த்தார். கண் தெரியாததால் புருவத்துக்கு மேல் எங்கேயோ ஒட்டினார்.

"நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்" என்றார். பிறகு, "கஞ்சி மிச்சம் இருந்தா கொண்டா பாப்பா" என்றார்.

பசியில் குடிக்கிற ஆள் மாதிரி அவர் அதைக் குடிக்கவில்லை. ஒவ்வொரு வாயாக விழுங்கி, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிடிக்காவிட்டால் ஏன் குடிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

லீவு முடிந்து கிளம்பினோம். சித்தி எனக்குக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். உள் அறைப் பக்கம் திரும்பி, "புள்ள கிளம்புது, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். நாங்கள் எல்லோரும் அந்த இடைவெளிக்காக நின்றோம். அம்மா, நான், கட்டிலில் தாத்தா. பதில் முடிந்ததும் சித்தி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா படிக்கணும்னு சொல்றாங்க" என்றாள். நான் கதவைப் பார்த்து, "சரி சித்தப்பா" என்றேன். அந்த நிமிஷம் கதவுக்குப் பின்னால் யாரோ இருந்ததாகத்தான் இன்றைக்கும் என் உடம்பு நினைக்கிறது.

அந்த வருடம் தை மாதத்திலேயே சித்தப்பாவின் படகு திரும்பி வரவில்லை என்பதும், உடல் கரை ஒதுங்கவே இல்லை என்பதும், ஊர்ப் பெரியவர்கள் காரியம் செய்து சித்தியின் தாலியை இறக்கச் சொன்னபோது, தாத்தாவைக் காட்டி அவள் அதைத் தள்ளிப்போட்டாள் என்பதும் நான் காலேஜில் படிக்கும்போதுதான் அம்மா சொல்லித் தெரிந்தது. தாத்தா என்னிடம் சொன்னதை அதுவரைக்கும் நானும் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தவளும், அதைக் கேட்டபடி படுத்திருந்தவரும், ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில், ஒரு பள்ளிக்கூட நாளில், காலையில் போன் வந்தது. அப்பா பட்டறைக்குக் கிளம்பி, ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார். அவர்தான் எடுத்தார். "தாத்தா போயிட்டாராம். தூக்கத்துலயே" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. "என் தங்கச்சி போச்சே, என் தங்கச்சி போச்சே" என்று அவள் அழுதாள். அப்பா அவளைத் தேற்றாமல், ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார், அவரும் அழுதார். அம்மாவுக்குப் போனில் வந்த விஷயம் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். யூனிஃபார்மோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செத்தது சித்தி இல்லை, தாத்தாதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.