பன்னிரண்டாவது கல்

ஞாயிறு காலை மாரிமுத்து அண்ணனின் மகள் சிவகாமி அழைத்தாள். "சார், அப்பா போயிட்டாரு." அழுது ஓய்ந்தபின் சொன்னாள்: "மியூசியம் சாவி எங்கிட்டதான் இருக்கு. பாத்துக்க ஆள் இல்லன்னு வெள்ளிக்கிழமை லாரி வருதாம், கல்லையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போக. என்ன சார் செய்யிறது?"

மாரிமுத்து அண்ணனை அறிந்தவர்களுக்கு அந்தக் கற்களையும் தெரியும். இங்கே மலாய் மண்ணில், கரங்கான் ஊருக்கு அப்பால், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில், ஆயிரம் ஆண்டுப் பழமையான செங்கல் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. மேலே தகரக் கூரை, ஓரத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். அதுதான் எங்கள் மியூசியம். பால்மரம் வெட்டி, ரப்பர் பாலெடுத்து ஓய்ந்த அண்ணன்தான் அதற்குக் காவல்.

கருவறை செங்கல். முன்மண்டபத்துக்குச் சுவர் கிடையாது. பன்னிரண்டு மரத்தூண்கள், ஒவ்வொன்றின் கீழும் நடுவில் குழியுள்ள ஒரு கருங்கல். தூண்கள் மக்கிப்போயின. குழியைப் பார்த்த தோட்டத்து மக்கள் உரல் என்றெண்ணி, கற்களை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

அண்ணன் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்டார். ராஜம்மா அக்கா பதறினார்: "ஐயையோ, கோயில் கல்லுலயா அண்ணே இத்தன வருஷம் மிளகாச் சம்பல் இடிச்சேன்?"

"சாமி கோவிச்சுக்காது லா. கொஞ்சம் காரம் பட்டிருக்கும், அவ்வளவுதான்."

மாணவர்களுக்கு நான் அரைமணி நேரம் விளக்குவதை அவர் ஒரே மூச்சில் முடிப்பார்: "இது தூணோட காலுக்குச் சப்பாத்து. ஈரம் ஏறாது, கரையான் அண்டாது."

பதினொன்று கிடைத்தன. பன்னிரண்டும் சேர்ந்தால் தூண் நிறுத்தி மண்டபத்தை எழுப்பலாம், கற்கள் இங்கேயே இருக்கும் என்று தொல்பொருள் துறை அதிகாரி வாக்களித்திருந்தார்.

உங்களிடம் இன்று சொல்கிறேன்: பன்னிரண்டாவது என் கொல்லையில் இருந்தது. அண்ணன் கேட்டு வந்தபோது என் மனைவி இறந்து ஒரு மாதம். அவள் கைபட்ட உரல். இல்லை என்றேன். பிறகு உண்மையைச் சொல்ல வெட்கம். ஒருமுறை கொல்லையில் தேநீர் குடித்தபடி, சாக்கு போர்த்திய அந்த உரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க இருந்தாலும் பத்திரமா இருந்தா சரி, சார்," என்று எழுந்துபோனார்.

திங்கட்கிழமை, அடக்கம் முடிந்த கையோடு, கல்லைக் கொண்டுபோய் அதன் இடத்தில் இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதிகாரியை அழைத்துக் கெஞ்சினேன். "சுடா லம்பாட், சிகு," என்றார் அந்த மலாய்க்காரர். ‘தாமதமாகிவிட்டது, ஆசிரியரே’ என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டும் லாரியில் ஏறின.

கொல்லையில் கல் கிடந்த இடம் புல்லில்லாத சதுரமாகத் தெரிகிறது. தெரிந்தும் கேட்காமல் போன அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.