சோபியா இறக்கிய மூன்று கிலோ

ஆறு வருஷமாக ஜெபராஜ் ஒரே ஆளைத்தான் வைதுகொண்டிருக்கிறான். பளுதூக்கும் கோச் ஸ்ரீதர். அந்தமானில், பாம்பூஃப்ளாட் மீன் சந்தையில் யார் வாயைக் கிளறினாலும், "என் தங்கச்சியப் பட்டினி போட்டே கையைக் கெடுத்தவன்" என்பான்.

தங்கச்சி சோபியா அப்போது எழுபத்தைந்து கிலோ கம்பியைத் தலைக்குமேல் பிடித்து நிற்பாள். நாற்பத்தொன்பது கிலோப் பிரிவில் ஒரு பதக்கம் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. ஜிம்மோ அக்கரையில், போர்ட் பிளேரில். அங்கே எடை மெஷின் பழுது. அதனால் காலையில் படகேறுமுன் அண்ணனின் மீன் கடைத் தராசில் ஏறி நிற்பாள். அது காட்டியதைக் கோச்சிடம் சொல்வாள்.

"என்னலே ஜெபராஜு, இன்னைக்கி நெய்மீனா, சூரையா?" என்பாள் பக்கத்துக் கடை ராசம்மா.

"நெத்திலி அத்தை. இன்னும் காயணும்" என்பாள் சோபியா.

முதல் நாள் ஐம்பத்திரண்டு காட்டியது. மூன்று கிலோ இறக்கு என்றார் கோச். சோற்றை விட்டாள். கடைசி வாரம் தண்ணீரையும் குறைத்தாள். சரியாக நாற்பத்தொன்பது காட்டிய அன்று ஜெபராஜ் சந்தைக்கே டீ வாங்கிக் கொடுத்தான்.

மெயின்லாந்துக்கு ஜெபராஜும் கூடப் போனான். அங்கே போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால், எடை பார்த்தார்கள். நாற்பத்தாறே முக்கால்.

கோச் முகம் செத்துப்போயிற்று. "நாப்பத்தொம்பதுன்னுதானேம்மா சொன்ன?"

சோபியா அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் தராசு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும். திருகி வைத்தவனும் அவனே. மீனுக்கு வைத்த கள்ளம் தங்கச்சியையும் கடிக்கும் என்று அந்த மண்டைக்குள் ஏறவில்லை. அவளுக்கு இறக்க இருந்ததே அரைக் கிலோதான்; அதற்குமேல் இறங்கியதெல்லாம் அவள் பலம்.

"இன்னைக்கி வேணாம், விட்டுரும்மா" என்றார் கோச்.

"வேலைக்கு வயசு ஓடுது சார்" என்று மேடையேறினாள். இரண்டாவது தடவை கம்பி பின்னால் சாய்ந்தது. முழங்கை கழன்றது. அந்தக் கை இன்றுவரை நிமிரவில்லை.

ஊரார் கேட்பதற்கு முன்னே ஜெபராஜ் கோச்மேல் பெட்டிஷன் போட்டான். ஸ்ரீதருக்கு வேலை போனது. எங்கே தவறினோம் என்றே தெரியாமல், கராச்சர்மாவில் ஆட்டோ ஓட்டுகிறார். சோபியா தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பே போய்விட்டாள். அண்ணன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

கப்பலேறிய அன்று பையைத் தூக்கி வந்தவனிடம் அவள் சொன்னது இதுதான்: "அண்ணே, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீ ஒருக்கா ஸ்ரீதர் சார் வீட்டுக்குப் போ. தப்பு உங்களோடது இல்ல சார்னு உன் வாயால அவர்ட்ட சொல்லு."